தகுதி: எதிர்த்துப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அண்ணன் மகள் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, “சித்தப்பா, நீங்க செய்யுதது தப்பு” என்றாள்.

நான் காதில் விழாதமாதிரி இருந்தேன். அவள் இன்னொரு தரம் சொன்னாள் — இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

அடுப்படியிலிருந்து என் மனைவி ராஜம் கையைத் தட்டினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கோ கண் கலங்கிவிட்டது.

சின்னப் பெண் ஒருத்தி சித்தப்பாவைக் கண்டிக்கிறாள். வீடே கொண்டாடுகிறது. கோவில்பட்டியில் நடக்கிற காரியமா இது? நடந்தது. மூன்று வாரமாக நாங்கள் பாடுபட்டு வரவழைத்த வார்த்தை அது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். தீப்பெட்டி லோடு ஏற்றி வடக்கே அனுப்பிவிட்டால், அது போய்ச் சேர்ந்தது என்று போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மழை பெய்தால் லோடு நனையுமே என்று கவலை. வெயில் அடித்தால் லோடு பற்றிக்கொள்ளுமே என்று கவலை. இரண்டும் இல்லாமல் மேகமூட்டமாக இருந்தால்... இரண்டில் எது வரப்போகிறதோ என்று கவலை.

இப்படிப்பட்டவன் குடும்பத்தில் ஒரு விமானி. கடவுளுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

அண்ணன் மகள் பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அண்ணன் அய்யாச்சாமி கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். அவர் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ‘சரி’ என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்றைக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

படித்தாள். பறந்தாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பிறகுதான் கதையே.

லைசென்ஸ் வாங்க இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டுமாம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் லாரி டிரைவர் ஒருத்தர் இருநூறு மணி நேரத்தை ஒரே மாதத்தில் ஓட்டிவிட்டு வந்து டீ குடிப்பார். இதை வைத்துக்கொண்டு எழுபது பேர் உட்காருகிற விமானத்தைக் கொடுத்துவிடுவார்களா? கவலை தாங்காமல் அவளிடமே கேட்டேன். அவள் சிரித்தாள்.

“அது கதவைத் தட்டத்தான் சித்தப்பா. தொறக்கிறதுக்கு வேற என்னெல்லாமோ இருக்கு.”

என்னவெல்லாம் என்று கேட்டால், அப்பப்பா... இரண்டு எஞ்சின் விமானம் ஓட்டிய தகுதி வேண்டும். மேகத்துக்குள் கண் தெரியாதபோது எதிரே இருக்கும் உயரம், வேகம் காட்டுகிற கடிகாரங்களை மட்டும் பார்த்து ஓட்டத் தெரிய வேண்டும். ரேடியோவில் பேச ஒரு தனி லைசென்ஸ். கண், காது, இதயம் எல்லாம் சோதித்து முதல் வகுப்பு மருத்துவச் சான்று. அப்புறம் எழுத்துத் தேர்வு. மனசு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தேர்வு. பத்துப் பேரைச் சுற்றி உட்கார வைத்துப் பேச விட்டு வேடிக்கை பார்க்கும் ஒரு தேர்வு. கடைசியாக, சிமுலேட்டர் என்கிற பொய் விமானத்துக்குள் உட்கார வைத்து ஓட்டச் சொல்வார்கள்.

இத்தனைக்கும் நடுவே சில விளம்பரங்களில், ‘முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்று வேறு போடுகிறார்கள். வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வீட்டில் இருக்கிறார்களாம்.

சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் ஒரு கம்பெனியிலிருந்து இவளுக்கு அழைப்பு வந்தது. இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானங்கள் அவர்களுடையவை. போனாள். எல்லாத் தேர்விலும் தேறினாள். சிமுலேட்டரில் விழுந்தாள்.

ஓட்டத் தெரியாமல் அல்ல. நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறாள். பிறகு, “இப்ப நான் ஓட்டுறேன், நீ பாத்துக்க” என்று, தேர்வு எடுத்த கேப்டன் தானே வாங்கி ஓட்டியிருக்கிறார். போகிற போக்கில் வேண்டுமென்றே இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டு போனார். இவள் பார்த்தாள். “சார்...” என்றாள். அவர் திரும்பவில்லை. இவளும் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பொய் விமானம் பொய் மலையில் இடிக்கப் பார்த்தது. அவரே மேலே தூக்கினார்.

வெளியே வந்ததும் கேட்டாராம், பார்த்தாயே, ஏன் சொல்லவில்லை என்று. இவள் சொன்ன பதிலை எங்கள் வீட்டு வாசலில் எழுதி மாட்டலாம்.

“நீங்க சீனியர் சார். தெரிஞ்சுதான் செய்யுதீங்கன்னு நெனச்சேன்.”

வாசகர்களே, நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பதில் அவளுடையது அல்ல. எங்கள் குடும்பத்துடையது.

ஒரு தடவை திருநெல்வேலியில் கல்யாணம். கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலில் அண்ணன் ஏறினார். அது எதிர்த்திசையில், மதுரைப் பக்கம் போகிற ரயில். எனக்குத் தெரியும். ராஜத்துக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். செண்பகவல்லி அப்போது சின்னப் பிள்ளை. பெட்டியில் இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். “அவிய தெரியாமலா ஏறுவாவ, சும்மா இரு” என்று மதினி அவள் வாயைப் பொத்தினார். பட்டுச்சேலை, சீர்த்தட்டு, மாலைக் கூடை எல்லாவற்றோடும் நாங்கள் வரிசையாக ஏறி உட்கார்ந்தோம். சாத்தூரில் அண்ணன் எழுந்து இறங்கினார். நாங்களும் இறங்கினோம். காராச்சேவு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது பந்தியே முடிந்திருந்தது. இன்றுவரை யாரும் ‘தப்பான ரயில்’ என்று சொன்னதில்லை. ‘அன்னைக்கு ரயிலு லேட்டாயிட்டு’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த ரயிலிலிருந்து இறங்கி வந்த பிள்ளை, சிமுலேட்டரில் கேப்டனைப் பார்த்து நீங்கள் செய்வது தப்பு என்று சொல்லுமா?

ஆனால் ஒன்று. கம்பெனிக்காரர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. லாரித் தொழிலிலும் அதேதான். தூரத்து லோடுக்கு இரண்டு டிரைவர்கள் போவார்கள். புதுசாக ஒருத்தன் வேலை கேட்டு வந்தால், பழைய டிரைவரோடு ஒரு நடை அனுப்புவேன். திரும்பி வந்ததும் பழையவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கண் அசந்தபோது தட்டி எழுப்பினானா? எழுப்பினான், கோபமாகக்கூட எழுப்பினான் என்றால் வேலை நிச்சயம். ‘பெரியவர் தூங்கட்டும்னு விட்டுட்டேன்’ என்கிற மரியாதைக்காரனை நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன்.

இதைச் சொன்னபோது செண்பகவல்லி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மறுநாள் ஒரு ஃப்ளெக்ஸ் சுருளோடு வந்தாள்.

விமானத்தின் ஓட்டுநர் அறையை அச்சாக வரைந்த படம். நிஜ அறையின் அளவுக்கே பெரிதாக்கி அச்சடித்திருந்தாள். விமானம் படிக்கிறவர்கள் இப்படிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் வீட்டில் பழகுவார்களாம். எல்லாக் கடிகாரமும் இருந்தது, எல்லா சுவிட்சும் இருந்தது. கூடவே வலது மூலையில் ரோஜாப் பூ வளையத்துக்குள் செண்பகவல்லியின் போட்டோவும் இருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தானாகச் சேர்த்தது. போட்டோ இல்லாமல் ஒரு ஃப்ளெக்ஸ் தன் கடையிலிருந்து வெளியே போனதில்லை என்றாராம்.

என் வீட்டு மாடியில் அதைக் கட்டினோம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வலப்பக்கம் அவள். இடப்பக்கம் கேப்டன் — நான்.

என் வேலை சுலபம். கையில் ஒரு குச்சி. கடிகாரத்தைத் தொட்டு, இப்போது உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு தப்புச் செய்ய வேண்டும். அவள் கண்டுபிடித்துச் சொன்னால் காதில் விழாதமாதிரி இருக்க வேண்டும். அவளுக்கு விதி இது: இரண்டு தரம் சொல்லலாம். இரண்டுக்கும் கேப்டன் அசையவில்லை என்றால், மூன்றாவது பேச்சே கிடையாது. ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி விமானத்தை எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் நான் விமானத்தை இறக்கிக்கொண்டே போனேன். அவள் நெளிந்தாள்.

“சித்தப்பா... ஒசரம் கொஞ்சம்... பாத்துக்கிடுதீங்களா?”

துணி காயப்போட வந்த ராஜம் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, அவரு கொண்டுபோயி குருமலையில மோதப் போறாரு. நீ என்ன, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி பேசுத?”

இரண்டாம் நாள், ‘தப்பா நெனைக்காதீங்க சித்தப்பா’ என்று ஆரம்பித்தாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் செத்துப்போயிருந்தோம். இப்படியே பல நாள். கயத்தாறு மேலே ஒரு தடவை விழுந்தோம். ஒரு தடவை கடலில். கவலைப்படுகிறவனை விபத்துக்குள்ளாக்கும் வேலைக்கு வைத்தால் எப்படியிருக்கும்? ராத்திரியெல்லாம் எனக்கு விமானம் விழுகிற கனவு.

ஆனாலும் ரகசியமாக ஒரு சந்தோஷம் இருந்தது. ஆயுசுக்கும், ஆகிவிடக் கூடாதே என்று பயந்த காரியங்களை எல்லாம் இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். செய்துவிட்டு எழுந்து போய் இட்லி சாப்பிடுகிறேன்.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. “சித்தப்பா, நீங்க செய்யுதது தப்பு.” நாங்கள் கொண்டாடியது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லோரும் கொண்டாடினோம் என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்டு அண்ணன் மாடிப்படி ஏறி வந்து நின்றிருந்தார். மகள் சித்தப்பாவைப் பார்த்துக் கத்துவதைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பறக்கப் படிக்கப் போட்டேன். மரியாதைய எங்கயோ எறக்கி வச்சிட்டு வந்திருக்கா.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அண்ணன் லாரி டிரைவர் அல்லவே, தட்டி எழுப்ப.

செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. என்னைத் திட்ட வந்துவிட்டது; சரி. என்னை யார்தான் திட்டவில்லை? வேறொரு பெரியவர், முறைக்கிற ஆள், மீசை வைத்தவர், இடது நாற்காலியில் வந்து உட்கார்ந்தால்?

அந்த வாரமே மறுபடி அழைப்பு வந்தது. இன்னொரு கம்பெனி, இவர்களும் சின்ன விமானக்காரர்கள். தேர்வு வெளியூரில். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். இதை விட்டால் அடுத்த அழைப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பறக்காமல் இருந்தால் கைப்பழக்கமும் விட்டுப்போகும். மருத்துவச் சான்றைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

அண்ணன் ஜீப்பை எடுத்தார். முன்னால் செண்பகவல்லி, பின்னால் நானும் மதினியும். என் நச்சரிப்பினால் தேவைக்கு ரொம்ப முன்னதாகவே கிளம்பியிருந்தோம். முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் சுள்ளென்று வெயில்.

எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. இறங்கிப் போய், அது என் ஆபீஸ் லோடு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். டிரைவருக்கும் அடி இல்லை. எப்போது வழி விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் திரும்பி வந்து ஏறியதும் அண்ணன் வண்டியைத் திருப்பினார். பக்கத்தில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை போனது. அது போய்ப் பாஞ்சாலங்குறிச்சி ரோட்டில் சேரும், அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விடலாம் என்றார். மேலே காய்ந்திருக்கிறது என்றார்.

மேலே காய்ந்திருந்தது உண்மை. கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்கு மறுநாள் வெயில் பட்டால் கரிசல் மண் மேலே அப்பளம் மாதிரி காய்ந்து காட்டும். அடியில் களி. கால் வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும். சக்கரம் இறங்கினால் டிராக்டர் கொண்டுவந்துதான் இழுக்க வேண்டும். இது அண்ணனுக்குத் தெரியாதா? எங்களை விட அதிகம் தெரியும். அவசரத்தில், மகளை எப்படியாவது கொண்டு சேர்க்க வேண்டும் என்ற வேகத்தில், தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். மதினி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாத்தூர் போன ரயிலில் உட்கார்ந்திருந்தேனே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச தூரம் சரியாகப் போனது. பிறகு வண்டியின் பின்பக்கம் மெதுவாக இடுப்பை ஆட்டியது.

“அப்பா, வண்டி வழுக்குது. நிறுத்துங்க.”

செண்பகவல்லிதான். குரல் சாதாரணமாக இருந்தது. அண்ணன் காதில் வாங்கவில்லை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். மதினி என் கையைப் பிடித்தது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வண்டி இன்னொரு தரம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சேறு கண்ணாடிவரை பறந்தது.

“அப்பா. இந்தப் பாதை தாங்காது. உள்ள போயி மாட்டினா நான் பிளேன விட்ருவேன். இப்பவே நிறுத்துங்க.”

அண்ணன் கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் எண்ணிவிட்டேன்... ஒன்று, இரண்டு. அடுத்தது என்ன என்று ஜீப்பில் இருந்த நால்வரில் இரண்டு பேருக்குத் தெரியும். வேண்டாம் தாயே, இது ஃப்ளெக்ஸ் இல்லை, உன் அப்பா என்று கத்த வேண்டும்போல இருந்தது. வழக்கம்போலக் கத்தவில்லை.

செண்பகவல்லி கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி நின்றது.

“அப்பா, நான் எடுத்துக்கிடுதேன். எறங்குங்க.”

அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பார்வையை அண்ணன் சந்தித்ததே இல்லை. என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்கினார்.

அவள் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சித்தப்பா, பின்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டே வாருங்கள் என்றாள். நான் தலையை வெளியே நீட்டி, இடது, இடது, நேரே, பள்ளம், நேரே என்று கத்தினேன். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், வந்த தடத்திலேயே சக்கரத்தை வைத்து, பூப்போல ரிவர்ஸ் எடுத்தாள். அண்ணன் பக்கத்தில் நடந்து வந்தார். ஓர் அடிக்கு ஒரு கிலோ வீதம் கரிசல் காலில் ஏறி, தார் ரோட்டுக்கு வரும்போது அவர் கால்கள் யானைக்கால் அளவுக்கு இருந்தன.

ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லவேள அண்ணாச்சி, உள்ள போகல. ஒரு டிராக்டரே காலைலேருந்து அங்கனதான் கெடக்கு” என்றார்.

அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக் காலில் இருந்த மண்ணைச் சுரண்டினார். சுரண்டி முடித்துவிட்டு முன்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில், ஏறி உட்கார்ந்தார். அதற்குள் சாய்ந்த லாரிக்குப் பக்கவாட்டில் வழி விட்டிருந்தார்கள். செண்பகவல்லியே ஓட்டினாள்.

பிறகு அண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். “அங்கனயும் இப்படித்தான் சொல்லணுமா?”

“ஆமாப்பா.”

“வயசானவரா இருந்தா?”

“அப்பவும் சொல்லணும். அதத்தான் பாப்பாங்க.”

அண்ணன் மகள் பக்கம் திரும்பினார். “அப்பம் மொதத் தரமே சத்தமாச் சொல்லு. எனக்கு மொதத் தரம் கேக்கல.”

பின்சீட்டில் மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை. தூசி விழுந்துவிட்டது.

மழை பெய்த மறுநாள் தூசி ஏது என்று கேட்காதீர்கள்.

விமான நிலையத்தில் நேரம் மிச்சமே இருந்தது. அவள் உள்ளே போனாள். வேலிக்கு வெளியே நின்று, காற்றாடி சுழல அந்தச் சின்ன விமானம் எழும்புவதைப் பார்த்தோம். சேறு படிந்த வேட்டியோடு அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விமானம் மறைந்தும் பார்த்தார். நானும் பார்த்தேன், திரும்பி வந்துவிடுமோ என்ற கவலையில்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் போன் வந்தது. தேர்வு எடுத்த கேப்டனுக்கு வெள்ளை மீசையாம். அப்பா மாதிரியே முறைத்தாராம். இறங்கும் நேரத்தில் வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். இவள் முதல் தரமே தெளிவாக, சத்தமாகச் சொன்னாளாம். அவர் உடனே வேகத்தைச் சரி செய்துவிட்டு, ஒரு புன்னகையோடு, “தேங்க் யூ” என்றாராம். இரண்டாவது தரம் தேவைப்படவில்லை.

போன வாரம் முடிவு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள்.

இனிமேல்தான் நிறைய இருக்கிறதாம். அந்த ரக விமானத்துக்கென்று தனிப் படிப்பு, மறுபடி சிமுலேட்டர், மறுபடி தேர்வு, பிறகு பழைய கேப்டன்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். அவளே கேப்டன் ஆக ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே தேர்வுகள். ஆக, எனக்குக் கவலைப்பட இன்னும் பல வருஷத்துக்கு வேலை இருக்கிறது.

அண்ணனோ கடலைமிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடைக்காரர் மிட்டாயைக் கடித்துக்கொண்டே விசாரித்தார். ப்ளேன் ஓட்டுற வேலைன்னா லேசில கொடுக்க மாட்டாங்களே அண்ணாச்சி, என்னதான் கேட்டாங்க?

அண்ணன் மீசையைத் தடவிவிட்டார்.

“அப்பன வண்டிய விட்டு எறக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. எம் மக எறக்கிட்டு வந்தேன்னுட்டா.”

உரக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் விளக்கவும் இல்லை. இன்னொரு மிட்டாயை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். அந்த நடையில் இருந்த பெருமையை, அவர் நூறு குறுக்கம் நிலத்தில் உளுந்து அறுத்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே, அதில் பாதி பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பயத்தைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். எனக்கு அதில் அனுபவம் இருநூறு மணி நேரத்துக்கு மேலேயே இருக்கிறது.

இனி நீங்கள் ஏதாவது ஒரு சின்ன விமானத்தில் ஏறி, முன்னால் மூடிய கதவுக்குப் பின்னே ஒரு சின்னப் பெண் யாரோ பெரியவரைக் கண்டிக்கிற சத்தம் கேட்டால், நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்குங்கள்.

நான் எப்படியும் தூங்க மாட்டேன். அது வேறு விஷயம்.